அக்காவுக்கு வராத தூரம்

எனக்கு எழுபத்தொரு வயது. ஐந்து பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கியவள். படிப்பு மூன்றாம் வகுப்போடு சரி. எழுத்தில் பிழை இருக்கும், சொல்வதில் இருக்காது.

அப்போது நாங்கள் பிரிக்பீல்ட்ஸில் ரயில்வே வீட்டில் இருந்தோம். என் அக்காவைப் போல ஓட அந்த வட்டாரத்தில் ஆள் கிடையாது. விடிந்தும் விடியாமல் தண்டவாளத்தை ஒட்டி ஓடுவாள்; ரயிலில் போகிறவர்கள் எட்டிப் பார்ப்பார்கள். மாநில அணிக்கு ஆள் எடுக்கும் ஓட்டம் கிள்ளானில் நடக்கப்போகிறது என்றதும் சோற்றைக் குறைத்தாள். உடம்பு லேசாக இருந்தால் கால் பறக்குமாம். அவள் தட்டுச் சோறு என் தட்டுக்கு வந்தது. அவள் பெருந்தன்மையை மெச்சிக்கொண்டே தின்றேன்.

ஒருநாள் அடுக்களையில் அம்மா குரலைத் தாழ்த்தி, "இந்த மாசமும் தூரம் வரலையாடி?" என்று அவளிடம் கேட்டார்.

"வரலம்மா. நல்லதுதான் லா, ஓட்டத்தன்னைக்கு வந்து தொலையாது."

பெண்களுக்கு மாதாமாதம் வருவதைத்தான் எங்கள் வீட்டில் தூரம் என்பார்கள். எட்டு வயதில் எனக்குத் தெரிந்த தூரம் வேறு. கோபம் வந்துவிட்டது.

"அக்காவுக்கா தூரம் வரல? பெட்டாலிங் ஜெயா வரைக்கும் ஓடிட்டு வருதும்மா!"

அம்மா கரண்டியை ஓங்கினார். அக்காவுக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறியது. ஆத்தாளே தடையை விலக்கிவிட்டாள் என்று அம்மா மாரியம்மனுக்கு எலுமிச்சை மாலை நேர்ந்துகொண்டார்.

கிள்ளான் திடலில் அக்காதான் முன்னால் வந்தாள். கடைசி வளைவில், கால் தடுக்கவில்லை, யாரும் இடிக்கவில்லை, முழங்காலுக்குக் கீழே எலும்பு ஒடிந்தது. விழுந்தாளா? என் அக்காவா விழுவாள்! ஒற்றைக் காலில் தத்தித் தத்தி, எல்லாரும் முடித்த பிறகு கோட்டைத் தாண்டினாள். தமிழர், மலாய்க்காரர், சீனர் என்று திடலே எழுந்து கைதட்டியது. அணியில் இடம் போயிற்று. கண்ணேறு என்றார் அப்பா. அம்மா பூசணிக்காய் உடைத்தார். அவள் தட்டை யாரும் பார்க்கவில்லை.

போன மாதம் என் பேத்தியோடு சுபாங் ஜெயாவில் டாக்டரம்மாவைப் பார்க்கப் போனேன். பேத்தியும் ஓட்டக்காரி, அவளுக்கும் தூரம் நின்றிருந்தது.

"ஓடுற ஓட்டத்துக்குச் சாப்பாடு பத்தலைன்னா உடம்பு முதல்ல அதைத்தான் நிறுத்தும் பாட்டி. எலும்பைக் காக்குற ஹார்மோனும் கூடவே குறைஞ்சிடும். அப்புறம் ஓடுறப்பவே எலும்பு விரிசல் விட்டு ஒடிஞ்சிடும்," என்றார் டாக்டரம்மா.

எனக்கு அக்காவின் தட்டு கண்ணில் வந்து நின்றது. அன்றைக்கு என் பக்கம் தள்ளிவிட்டது சோறு மட்டும்தான் என்று நினைத்திருந்தேன். தன் எலும்பையும் சேர்த்துத்தான் தள்ளியிருக்கிறாள்.

பேத்திக் கண்ணு, அந்தத் தேங்காய்ப்பால் சோற்றை, நாசி லெமாக்கை, முழுசாகச் சாப்பிட்டு முடி. பிறகு நான் எழுதின இதை எனக்கு வாசித்துக் காட்டு. அக்கா கோட்டைத் தாண்டுகிற இடத்தை மட்டும் கொஞ்சம் சத்தமாக வாசி.