‘கீழே’ பட்டனை அழுத்தினேன், டேபிள் மேலே போனது

நடந்தவை, வரிசையாக:

1. மாசி மாதம், சாலையில் காயப்போட்டிருந்த நெல்லில் என் ஸ்கூட்டர் சறுக்கியது. வலது தோள் எலும்பு உடைந்தது. உள்ளே தகடு வைத்தார்கள்.

2. நான்கு மாதம் கழித்து டாக்டர் சொன்னார்: எழுதலாம், சமைக்கலாம், வண்டி ஓட்டலாம். பாரமான எதையும் கையால் சுற்றக் கூடாது.

3. திருத்துறைப்பூண்டிக்குப் பக்கத்தில், வீட்டுக் கொட்டகையில் நான் தனியாக நடத்தும் பட்டறையில் பாரமாகச் சுற்ற வேண்டியது ஒன்றே ஒன்றுதான். இரும்பை வெட்டிச் செதுக்கும் மில்லிங் மெஷினின் டேபிளை ஏற்றி இறக்கும் ஹேண்டில்.

4. இடது கையால் சுற்றிப் பார்த்தேன். மூன்றாவது வாரம் இடது தோளும் வலித்தது.

5. அந்த ஹேண்டில் இருந்த இடத்தில் மோட்டார் வைத்தேன்.

6. வைத்த பதினோராவது நாள் கட்டரை உடைத்தேன்.

இந்த மெஷினில் கட்டர் மேலே ஒரே உயரத்தில் நிற்கும். வேலைப் பொருளை டேபிளில் இறுக்கி, டேபிளைத்தான் அதனிடம் ஏற்ற வேண்டும். டேபிளும் அதைத் தாங்கும் வார்ப்பிரும்பும் சேர்ந்தால் மூன்று நெல் மூட்டைக்குக் குறையாது. ஒரு சுற்றுக்கு இரண்டு மில்லிமீட்டர் ஏறும். ஒரு வேலையை இறக்கி அடுத்ததை ஏற்ற அறுபது, எழுபது சுற்று.

மெக்கானிக்கல் டிப்ளமோ முடித்து ஆறு வருடம் ஒரு கம்பெனி டூல்ரூமில் இருந்தேன். பிறகு நானும் தம்பியும் சேர்ந்து இந்த மெஷினைப் பழையதாக வாங்கினோம். தம்பி குவைத்தில் இருக்கிறான். டாக்டர் சொன்னதைக் கேட்டதும் போன் செய்தான்.

“அக்கா, வித்துடலாம்க்கா. கேக்குறதுக்கு ஆள் இருக்கு.”

“கைதானடா கெட்டுப்போச்சு. மெஷின் நல்லாத்தான இருக்கு?”

“அப்ப சுத்துறதுக்கு ஒரு ஆள வச்சுக்க.”

அதையும் யோசித்துப் பார்த்திருந்தேன். ஆண் ஒருவர் ஹேண்டில் பக்கத்தில் நின்றால், வருகிறவர்கள் வேலையை அவரிடம்தான் சொல்வார்கள். அளவை அவரிடம்தான் கேட்பார்கள். ஒரு மாதத்தில் நான் டீ கொண்டுவந்து வைக்கிற ஆளாகிவிடுவேன்.

“குறுவை அறுப்பு முடியிற வரைக்கும் நானே தனியா ஓட்டிக் காட்டுறேன். ஓட்டிட்டேன்னா நீ இந்தப் பேச்சையே எடுக்கக் கூடாது.”

“முடியலன்னா?”

“வித்துக்க.”

கியர் பாக்ஸ் ஒரு ரைஸ்மில் கழித்துப் போட்டதிலிருந்து கிடைத்தது. நெல்லைத் தள்ளும் திருகை ஓட்டிக்கொண்டிருந்த வார்ம் கியர். மோட்டார் டேபிளை நகர்த்தும். டேபிளின் பாரம் மோட்டாரைத் திருப்பிச் சுற்ற முடியாது. கரண்ட் போனாலும் டேபிள் நின்ற இடத்தில் நிற்கும். எங்கள் ஊரில் முதலில் யோசிக்க வேண்டியது அதுதான். அரை ஹெச்பி த்ரீ ஃபேஸ் மோட்டார், ‘மேலே’, ‘கீழே’ என்று இரண்டு பட்டன், பட்டனை அழுத்தினால் மோட்டாருக்குக் கரண்டை விட ஆளுக்கொரு கான்டாக்டர். அழுத்திப் பிடித்திருக்கும் வரைதான் ஓடும். டேபிள் உச்சிக்குப் போனால் நிறுத்த ஒரு லிமிட் சுவிட்ச். பழைய ஹேண்டிலைக் கழற்றி அலமாரியில் வைத்தேன். மாட்டியே இருந்தால் மோட்டாரோடு சுழன்று முழங்காலைப் பெயர்த்துவிடும்.

கோவிந்தராசு அண்ணன் இரண்டு அறுவடை மெஷின் வைத்திருப்பவர். என் வேலையில் பாதி அவருடையது. முதல் நாள் பட்டனைப் பார்த்துவிட்டுச் சிரித்தார். “என்ன பாப்பா, டிவி பொட்டியா இது? அப்படியே பாட்டும் போடுமா?”

பதினோராவது நாள் அவர் சிரிக்கவில்லை. முந்தின நாள் காற்றிலும் மழையிலும் குறுவைக் கதிர் சாய்ந்து கிடந்தது. ஒரு மெஷினின் சுழல் தண்டு, அதாவது ஷாப்ட், உடைந்து அது வயலிலேயே நின்றது. புது ஷாப்டோடு வந்தார். அதில், சக்கரம் வழுக்காமல் பிடிக்கும் சின்ன இரும்புக் கட்டையான சாவி உட்காரும் பள்ளம் வெட்ட வேண்டும், ஐந்து மில்லிமீட்டர் ஆழம். அறுந்த லைனைக் காலையில்தான் கட்டி, கரண்ட் விட்டிருந்தார்கள்.

ஷாப்டை இறுக்கினேன். கட்டருக்கும் அதற்கும் நான்கு மில்லிமீட்டர் இடைவெளி. கட்டர் இன்னும் சுற்றவில்லை. அளவு பார்க்க டேபிளைச் சற்று இறக்கலாம் என்று, கண்ணை அளவுகோலில் வைத்துக்கொண்டே ‘கீழே’ பட்டனை அழுத்தினேன். நிமிர்ந்தால் டேபிள் மேலே வருகிறது. கையை எடுத்திருந்தால் நின்றிருக்கும். நான் ‘கீழே’ பட்டனை இன்னும் பலமாக அழுத்தினேன்.

படீரென்று கட்டர் முறிந்தது.

“இதுக்குத்தான் ஒரு ஆம்பள ஆள வச்சுக்கன்னு தலபாடா அடிச்சுக்கிட்டேன்,” என்றார் அவர்.

“கீழேன்னுதாண்ணே அழுத்துனேன். மேல போச்சு.”

அவர் முகம் மாறியது. “திருப்பி ஓடுதா? காலையில எங்க போர் மோட்டாரும் அப்படித்தான். ஓடுது, தண்ணி ஏறல. லைன்மேன் ஒயர மாத்திக் கட்டிட்டுப் போயிட்டாப்ல. ரெண்டு ஒயர மாத்திப் போட்டேன், கொட்டுச்சு.”

மூன்று ஃபேஸில் இரண்டு இடம் மாறினால் மோட்டார் எதிர்ப்பக்கம் சுழலும். பரீட்சையில் எழுதி மார்க் வாங்கியிருக்கிறேன். போர் வைத்திருக்கும் விவசாயி ஒவ்வொருவருக்கும் தெரிந்தது, பட்டறையில் நிற்கும்போது எனக்குத் தோன்றவில்லை. டூல்ரூமில் அதை எலக்ட்ரீஷியன் பார்த்துக்கொள்வார்.

அவர் ஷாப்டைக் கழற்றக் கையை நீட்டினார். “நான் மன்னார்குடிக்கே எடுத்துட்டுப் போறேன் பாப்பா.”

“கை வைக்காதீங்கண்ணே. வேலை என் டேபிள்ல இருக்கு. ஒரு மணி நேரம் குடுங்க.”

கட்டர் குத்திய வடு இரண்டு மில்லிமீட்டர் ஆழம். பள்ளம் வரவேண்டிய இடத்திலேயே விழுந்திருந்தது. வெட்டினால் அதுவும் சேர்ந்து போய்விடும். இது என் திறமை இல்லை, அதிர்ஷ்டம். மெயினை அணைத்து, இரண்டு ஒயரை மாற்றி, சும்மா ஏற்றி இறக்கிப் பார்த்து, புதுக் கட்டர் மாட்டி வெட்டினேன். ஐம்பது நிமிடம். அவர் பைக்கில் உட்கார்ந்தபடியே என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். சாவியைப் பள்ளத்தில் தட்டிப் பார்த்தார். ஆடவில்லை.

“அப்ப எது மேல, எது கீழ?”

“எழுதியிருக்குற மாதிரிதாண்ணே.”

“இப்போதைக்கு,” என்று சொல்லிக் கிளம்பினார்.

அவர் போனபின் வயரிங்கை வரைந்து பார்த்தேன். இன்னொன்று தெரிந்தது. அந்த நேரத்தில் லிமிட் சுவிட்சும் காப்பாற்றியிருக்காது. அது துண்டிப்பது ‘மேலே’ கான்டாக்டரை மட்டும். அன்று டேபிளை மேலே தள்ளியது ‘கீழே’ கான்டாக்டர்.

தம்பிக்கு நானே போன் செய்து சொன்னேன்.

“அங்க உன் விரல் இருந்திருந்தா?” என்றான்.

நியாயமான கேள்வி. பதிலாக மறுநாளே பம்ப்செட் கடையில், ஃபேஸ் வரிசை மாறினால் மோட்டாருக்குக் கரண்டையே விடாத ரிலேயை வாங்கி மாட்டினேன். வேண்டுமென்றே ஒயரை மாற்றிப் போட்டு, அது ஓட மறுப்பதை வீடியோ எடுத்து அனுப்பினேன்.

வீட்டில் மெஷின் வைக்கப்போகும் பெண்களுக்கு: மோட்டார் வையுங்கள். லைன் வேலை நடந்த நாளில், எதையும் இறுக்குவதற்கு முன் ஒருமுறை சும்மா ஓட்டிப் பாருங்கள். நினைத்ததற்கு எதிராக எது நகர்ந்தாலும் பட்டனிலிருந்து கையை எடுங்கள். அழுத்தாதீர்கள்.

குறுவை அறுப்பு முடிந்துவிட்டது. கோவிந்தராசு அண்ணனின் ஷாப்ட்கள் அதற்குப் பிறகு ஏழு வந்தன. வலது கை காது உயரத்துக்கு மேல் போகவில்லை. ஹேண்டில் அலமாரியில் இருக்கிறது. மெஷின் விற்பனைக்கு இல்லை. பட்டறையில் நான் மட்டும்தான் இருக்கிறேன்.