சிம்னிக் கடை

இன்று காலை வாசலில் கிடந்த நோட்டீஸில் அச்சு மையின் வாசனை இன்னும் போகவில்லை. புதுக்கடை திறக்கிறார்களாம், எல்லாம் மலிவாம். அந்த வாசனை என்னை ஒன்பது வயதுக்கு, காரைக்குடி கடைத்தெருவுக்கு இழுத்துப் போய்விட்டது.

அங்கே என்னைப் பெற்ற அத்தா அரிக்கேன் விளக்கும் அதற்கான கண்ணாடிச் சிம்னியும் விற்றார். ஒவ்வொரு சிம்னியையும் நகத்தால் சுண்டிச் சத்தம் கேட்டு, கீறல் இல்லை என்று தெரிந்த பிறகே வைக்கோலில் சுற்றிக் கொடுப்பார்.

எதிரே பட்டணத்துக் கம்பெனி ஒன்று கிளை திறந்தது. மதுரையிலும் திருச்சியிலும் அவர்களுக்குக் கடைகள் இருந்தன. அத்தாவின் கொள்முதல் விலைக்கும் கீழே விற்றார்கள். அத்தா என்னையும் கூட்டிக்கொண்டு போய் மானேஜரிடம் கேட்டார்.

“இந்த விலை உங்களுக்கு எப்படித் தம்பி கட்டுது?”

“கட்டல பாய். நீங்க கடையை மூடுற வரைக்கும் இப்படித்தான்,” என்று அவன் சிரித்தான்.

ஆறு மாதத்தில் மூடினோம். அடுத்த வாரமே அங்கே விலை ஏறியது. இருபது வருஷம் எங்களிடம் வாங்கிவிட்டு, முதல் ஆளாக அங்கே போன மேலத்தெரு ஆச்சி எங்கள் வீடு தேடி வந்தார்.

“கொள்ளையடிக்கிறாக பாய். நீக மறுபடியும் கடை வச்சா என்ன?”

“அன்னைக்கு நீக இங்குட்டு வந்திருந்தா, கடை இன்னைக்கும் இருந்திருக்கும் ஆச்சி. போயிட்டு வாங்க.”

அத்தா யாரிடமும் அப்படிப் பேசி நான் கேட்டதில்லை. மறுமாதம், வேறு யாரோ ஒருவருடைய கடையில் பொட்டலம் மடிக்க அத்தா பினாங்குக்குக் கப்பல் ஏறினார். மூன்று வருஷம் கழித்து அவர் மௌத்தாகி அங்கேயே அடக்கமான செய்திதான் வந்தது.

“பாதி விலையாம் மாமி, போவமா?” என்று நோட்டீஸைக் காட்டி மருமகள் கேட்டாள்.

“அந்தக் கடை வாசப்படியை இந்த வீட்டு ஆளுக யாரும் மிதிக்கக் கூடாது,” என்றேன்.