அக்கரை என்று நம்பிய தீவு

நான் கள்ளத்தோணியில் ஆள் ஏற்றி வந்ததாக இராமநாதபுரத்தில் ஒரு பேச்சு நடக்கிறது. பூசை முடிந்து கோயிலை விட்டு வெளியே வரும்போது என் காதில் விழும்படியாகவே சொல்கிறார்கள். சாகக் கிடந்த ஒரு மனிதரைத் தீவிலேயே விட்டுவிட்டு வந்தவள் என்று இன்னொரு பேச்சும் உண்டு. இரண்டும் பொய். இரண்டாவது பொய்யை மறுக்க வேண்டுமானால் நடந்தது முழுவதையும் சொல்லியாக வேண்டும். அதனால்தான் இந்தக் கட்டுரை. தீவுகளைப் பார்க்கப் போக நினைப்பவர்களுக்குப் பயன்படும் தகவல்களும் இதில் இருக்கின்றன.

என் கணவர் மண்டபத்தில் ரயில்வே உத்தியோகத்தில் இருந்தார். குவார்ட்டர்ஸின் பின்பக்கம் நின்றால் தெற்கே கடலில் தீவுகள் மை தீட்டிய கோடு போலத் தெரியும். அத்தனை வருஷம் பார்த்தும் ஒரு தடவை கூடப் போனதில்லை. அவருக்குக் கடல் ஒத்துக்கொள்ளாது. படகில் கால் வைத்ததும் வாந்தி எடுப்பார். அவர் காலமான பிறகு நான் இராமநாதபுரத்துக்கு வந்துவிட்டேன். இந்த மாசி மாதம் திருச்சியிலிருந்து என் நாத்தனார் பிலோமினா வந்திருந்தாள். அவளுக்கும் தீவு பார்க்க ஆசை. எனக்கு வயது அறுபத்தேழு. இனி யாரிடம் உத்தரவு கேட்க வேண்டும் என்று கிளம்பிவிட்டேன்.

இராமநாதபுரத்திலிருந்து மண்டபம் ரயிலில் இருபத்து மூன்று மைல். முதல் நாள் மாலையே போய்த் தெரிந்தவர் வீட்டில் தங்கினோம். அப்படித்தான் நீங்களும் செய்ய வேண்டும். காலை ரயிலில் வந்திறங்கினால் காற்று மாறிவிடும். தங்கச்சிமடத்துச் சந்தியாகு என்பவரின் வள்ளத்தை ஒரு பகலுக்குப் பதினெட்டு ரூபாய்க்குப் பேசியிருந்தேன். அவரும் அவர் தம்பி சூசையும் ஓட்டினார்கள். நான் கட்டுமரத்தில் போகத்தான் முதலில் கேட்டேன். சந்தியாகு என்னை மேலும் கீழும் பார்த்தார்.

“கட்டுமரத்துல போனா இடுப்பு மட்டும் தண்ணிக்குள்ளதாம்மா இருக்கணும். மீனுக்குத் தெரியும் நீங்க பெரிய வீட்டு அம்மான்னு, ஆனா அலைக்குத் தெரியாது” என்றார்.

பிலோமி சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. கடைசியில் வள்ளத்தில் நாங்கள் ஏறிக்கொள்ள, ஒரு சின்னக் கட்டுமரத்தைக் கயிறு போட்டுப் பின்னால் இழுத்து வந்தார்கள். தீவுகளைச் சுற்றித் தண்ணீருக்கடியில் பவளப்பார், அதாவது பவளப் பாறைத் திட்டு, இருப்பதால் வள்ளம் கரை வரை போக முடியாது. பாருக்கு வெளியே நங்கூரம் போட்டுவிட்டுக் கட்டுமரத்தில்தான் இறங்க வேண்டும்.

காலை ஆறரைக்குப் பாய் ஏற்றினார்கள். கிழக்கே குருசடைத் தீவு. அதன் பக்கத்தில் தண்ணீர் அவ்வளவு தெளிவு. பவளம் என்றால் நகைக்கடைச் சிவப்பு என்று நினைத்துக்கொண்டு வராதீர்கள். பெரும்பாலும் கோதுமை நிறம். சில இடங்களில் வெளிறிய ஊதா. தண்ணீரை விட்டு எடுத்தால் அந்த நிறமும் போய் எலும்பு போல ஆகிவிடுகிறது. எங்களுக்கு எதிரே ஒரு தோணி பவளப் பாறைகளை உடைத்து ஏற்றிக்கொண்டு போனது. சுண்ணாம்புக் காளவாய்க்குப் போகிறது என்றார் சூசை. அந்த நாற்றம் வெகுநேரம் எங்கள் கூடவே வந்தது. பிலோமி மூக்கைப் பொத்திக்கொண்டு ஜெபமாலை உருட்டினாள்.

அடுத்திருக்கும் புள்ளிவாசல் தீவை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு மேற்கே திரும்பி, பன்னிரண்டு மணி வாக்கில் முயல் தீவுக்கு வந்தோம். அங்கே சாப்பிடுவதாக ஏற்பாடு. ஒவ்வொருவராகக் கட்டுமரத்தில் கரைக்குக் கொண்டுபோனார்கள். சந்தியாகு சொன்னபடியே இடுப்பு வரை நனைந்தேன். தீவில் உடைமரமும் தாழம்புதரும் இருந்தன. குடிக்கத் தண்ணீர் கிடையாது. வடக்கே கடலுக்கு அப்பால் மண்டபம் வெறுங்கண்ணுக்குத் தெளிவாகத் தெரிந்தது. நான்கு மைல் இருக்கலாம்.

எலுமிச்சம்பழச் சாதப் பொட்டலத்தைப் பிரித்தபோது புதருக்குள்ளிருந்து ஒரு பெண் வெளியே வந்தாள். முப்பது வயது இருக்கும். உதடு வெடித்திருந்தது. சாதத்தைப் பார்க்காமல் என்னைத்தான் பார்த்தாள். என் வெள்ளைச் சேலையையும் குடையையும் பார்த்துவிட்டு, எட்ட நின்றே தரையில் விழுந்து கும்பிட்டாள்.

“போலீசுல பிடிச்சுக் குடுத்துராதீக, துரைசாணியம்மா. கண்டிக்குப் போற ரோடு எங்கன இருக்குன்னு மட்டும் சொல்லுங்க, போயிர்றோம்.”

எனக்கு விளங்கவில்லை. சந்தியாகுவுக்கு உடனே விளங்கிவிட்டது. கையிலிருந்த சோற்றை இலையில் வைத்துவிட்டு எழுந்து நின்றார்.

அவள் பெயர் செல்லாயி. முதுகுளத்தூர்ப் பக்கம் மழையில்லாத ஒரு கிராமம். அவள் அக்காள் குடும்பம் இலங்கையில் தேயிலைத் தோட்டத்தில் இருக்கிறது. பாஸ்போர்ட் இல்லாமல் கொண்டுபோய்விடுகிறேன் என்று ஒருவன் சொல்ல, ஆடுகளை விற்று அவனிடம் கொடுத்துவிட்டு, செல்லாயியும் அவள் புருஷன் கருப்பையாவும் கொழுந்தன் முனியாண்டியும் இருட்டில் தோணி ஏறியிருக்கிறார்கள். அந்த ஆள் இராத்திரி முழுக்கக் கடலில் சுற்றிச் சுற்றி ஓட்டிவிட்டு, விடியும் முன்னே இந்தத் தீவில் இறக்கி, இதுதான் அக்கரை, விடிந்ததும் கிழக்கே நடங்கள், ரோடு வரும் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான். அது நடந்து நான்கு நாள் ஆகியிருந்தது.

இந்தக் கரையில் அக்கரை என்றால் இலங்கை. வேறு அர்த்தம் கிடையாது.

நான்கு நாளில் பக்கத்தில் எத்தனையோ பாய்மரத் தோணிகள் போயிருக்கின்றன. ஒன்றையும் அவர்கள் கூப்பிடவில்லை. இலங்கைப் போலீஸ் என்று பயந்து, பாய் தெரியும்போதெல்லாம் புதருக்குள் படுத்திருக்கிறார்கள். ஊரிலிருந்து கொண்டுவந்த தண்ணீர் இரண்டாம் நாளே தீர்ந்துவிட்டது. மணலைத் தோண்டி, ஊறின உப்புத் தண்ணீரைக் குடித்ததில் முனியாண்டிக்கு வயிற்றுப்போக்கு. அவர் புதரடியில் கிடந்தார். கண் திறந்திருந்தது, ஆனால் பேச்சு இல்லை.

செல்லாயி என்னிடம் மறுபடியும் கேட்டாள், “இது அக்கரைதானம்மா?”

பிலோமி என் சேலையைப் பிடித்து இழுத்தாள். “மதினி, முதல்ல தண்ணி குடுங்க. அப்புறமா சொல்லுங்க.”

தண்ணீர் கொடுத்தேன். ஒரேயடியாகக் குடிக்கவிடாமல் சிறுகச் சிறுகக் கொடுத்தேன். முனியாண்டியின் வாயைத் துணியால் நனைத்தோம். பிறகு சொன்னேன். கேட்ட கேள்விக்குச் சரியான பதில் சொல்லாமல் இருப்பது இரக்கம் என்று நான் நினைப்பதில்லை. இது இந்தியா, அதோ தெரிவது மண்டபம், உன் தேசத்தை விட்டு நீ எங்கேயும் போகவில்லை என்றேன்.

அவள் மண்டபத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். முதல் நாள் கருப்பையா அந்தக் கரையைக் காட்டி, அதுதான் நம்ம தேசம், நல்லாப் பார்த்துக்கோ, இனிமேல் பார்க்க நாளாகும் என்று சொன்னாராம்.

“அப்ப எங்க வீட்டுக்காரரு ரோடு தேடிப் போயிருக்காரே” என்றாள்.

அவர் போனது முந்தின நாள் காலையில். கடல் வற்றியிருந்த நேரம். தோணிக்காரன் சொன்னபடி கரையோரமாகவே கிழக்கே நடந்து போனார். ரோட்டைக் கண்டதும் வந்து கூட்டிப்போகிறேன் என்று சொன்னவர் திரும்பி வரவில்லை.

சந்தியாகு என்னைத் தனியே கூப்பிட்டார். இவர்களை ஏற்றினால் கள்ளத்தோணி ஓட்டியது தான்தான் என்று ஆகிவிடும், வள்ளத்தைப் பிடித்துக்கொள்வார்கள், கரைக்குப் போய்ச் சொல்வோம், போலீசே வந்து கூட்டிப்போகட்டும் என்றார். நான் வந்து எழுத்து மூலம் வாக்குமூலம் கொடுக்கிறேன் என்றேன்.

“நீங்க எழுதிக் குடுத்துட்டு வீட்டுக்குப் போயிருவீக. நான் தெனம் இங்கனதான கெடக்கணும்?”

அவர் சொன்னதில் தப்பில்லை. ஆனால் போலீஸ் வரும்வரை முனியாண்டி தாங்கமாட்டார் என்று எனக்குத் தெரிந்தது. நான் குடையை மணலில் ஊன்றிவிட்டு உட்கார்ந்தேன். என்னைக் கொண்டுபோய்த் திருப்பிக் கொண்டுவர முழுக்கூலி வாங்கியிருக்கிறீர்கள், இந்த இரண்டு பேரும் ஏறாமல் நான் ஏறப்போவதில்லை என்றேன்.

சந்தியாகு துண்டை உதறி இடுப்பில் கட்டினார். பிறகு தம்பியிடம் திரும்பினார்.

“ஏலே சூசை, அந்த ஆளத் தூக்கு. இந்தப் பெரியம்மாவத் தீவுல விட்டுட்டு வந்தேன்னா ஊருல எனக்கு அதவிடப் பெரிய கேஸு.”

புறப்படுவதற்கு முன்னால் கருப்பையாவைத் தேடினோம். சூசை கிழக்கு முனை வரை ஓடிப் போய்ப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். எனக்கு அப்போதுதான் தோன்றியது: தெரியாத ஆண்குரல் தன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால், அந்த மனிதர் அக்கரைப் போலீஸ் என்றுதான் ஒளிந்துகொள்வார். செல்லாயியைக் கூப்பிடச் சொன்னேன். அவளுக்குத் தொண்டையில் சத்தமே எழும்பவில்லை. அவள் சொல்லச் சொல்ல, சூசை உரக்கக் கத்தினார்: “செல்லாயி இங்கன இருக்கா. இது மண்டபம். வெளிய வா, கருப்பையா.” நாங்கள் தீவின் இரண்டு பக்கமும் போனோம். புதர்களை விலக்கிப் பார்த்தோம். கிழக்கு ஓரத்தில் ஈர மணலில் கால்தடம் எதுவும் மிஞ்சவில்லை. இடையில் இரண்டு தடவை கடல் ஏறி இறங்கியிருந்தது. அதற்கு அப்பால் பார் ஆழமில்லாமல் நீண்டு கிடந்தது. அதன் வழியாக மணலித் தீவுப் பக்கம் இறங்கி நடந்திருக்கலாம். ஏதாவது வள்ளத்தில் ஏறியிருக்கலாம். மூன்றாவதாக ஒன்றும் இருக்கலாம்.

மூன்று மணிக்கு மேல் காற்று கிளம்பியது. இனித் தாமதித்தால் பாரைத் தாண்ட முடியாது என்றார் சந்தியாகு. செல்லாயி வர மறுத்தாள். உடைமரத்தைப் பிடித்துக்கொண்டாள், முள் கையில் ஏறியது அவளுக்குத் தெரியவில்லை.

“உன் கொழுந்தன் இங்கேயே செத்தா, உன் புருஷன் வந்து கேட்கும்போது என்ன பதில் சொல்லுவ?” என்றேன்.

கடுமையான பேச்சுத்தான். அதற்குத்தான் அவள் கையை விட்டாள்.

மிச்சமிருந்த தண்ணீர்க் குடத்தை மூடி மேட்டில் வைத்தோம். பக்கத்தில் சாதப் பொட்டலம். என் குடையை விரித்து அதன் மேல் நிற்கும்படி ஊன்றினேன். செல்லாயி தன் முந்தானையில் ஒரு துண்டு கிழித்துக் குடைக்காம்பில் கட்டினாள், வருகிறவருக்கு அது யாருடைய சேலை என்று தெரியட்டும் என்று. முனியாண்டியைக் கட்டுமரத்தில் கிடத்தித் தள்ளிக்கொண்டு போனார்கள். வள்ளத்தில் செல்லாயி மண்டபத்தைப் பார்க்காமல் பின்புறம் திரும்பியே உட்கார்ந்திருந்தாள்.

மறுநாள் காலை சந்தியாகு யாரும் கேட்காமலே திரும்பப் போய்ப் பார்த்தார். சோற்றை நண்டு தின்றிருந்தது. குடத்து மூடி வைத்தபடியே இருந்தது. அக்கம்பக்கத்துத் தீவுகளிலும் இறங்கித் தேடியிருக்கிறார். ஆகவே, சாகக் கிடந்த மனிதரை நான் விட்டுவிட்டு வரவில்லை. சாகக் கிடந்தவரைக் கொண்டுவந்தேன். அவர் ஆஸ்பத்திரியில் பிழைத்து ஊருக்குப் போய்விட்டார். காணாமல் போனவரைத்தான் கொண்டுவர முடியவில்லை. போலீசில் என் வாக்குமூலத்தை எழுதிக் கொடுத்தேன். சந்தியாகுவை விசாரணைக்குக் கூப்பிட்ட ஒவ்வொரு தடவையும் நானும் போய் உட்கார்ந்தேன். பிடித்து வைத்திருந்த அவர் வள்ளத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள்.

தீவு பார்க்கப் போகிறவர்களுக்கு: மாசியும் பங்குனியும் நல்ல மாதங்கள். வைகாசிக்கு மேல் தென்கடல் பொல்லாதது, போகாதீர்கள். கனமான சேலை வேண்டாம். காலுக்கு ரப்பர்ச் செருப்பு வேண்டும், பவளம் வெட்டினால் புண் ஆற நாளாகும். தண்ணீர் இரண்டு குடம் எடுத்துப்போங்கள். இரண்டாவது குடம் உங்களுக்கு அல்ல. தீவில் இறங்கியதும், பொட்டலத்தைப் பிரிக்கும் முன்னே, இது மண்டபம் பக்கம், இது இந்தியா என்று உரக்க ஒரு குரல் கொடுங்கள். உங்கள் கூட வருகிறவர்கள் சிரித்தால் சிரிக்கட்டும்.

செல்லாயி இப்போது மாதம் ஒரு தடவை பஸ் ஏறி என் வீட்டுக்கு வருகிறாள். கடுதாசி வந்திருக்கிறதா என்று கேட்கிறாள். இதுவரை வந்ததெல்லாம் வாய்ச்செய்தி. கீழக்கரையில் ஒரு கடையில் வேலை செய்கிறார் என்று ஒருவர் சொல்லி, அவள் போய்ப் பார்த்தாள், வேறு ஆள். மன்னாரில் சிறையில் இருக்கிறார் என்று இன்னொருவர். பார்த்தவர் யார் என்று கேட்டால், சொன்னார்கள் என்கிறார்கள். அவளுடைய மாமனார் வீட்டில் ஆடி மாதம் கருப்பையாவுக்குக் காரியம் செய்து, இவள் தாலியை இறக்க முடிவு செய்திருக்கிறார்கள். பார்த்தவர் கைப்பட எழுதிய கடுதாசி இருந்தால் நிறுத்தி வைக்கிறோம் என்று ஊர்ப் பெரியவர்கள் சொல்லியிருக்கிறார்கள். நான் விதவை என்பதற்கு ஒரு கல்லறை இருக்கிறது. நானே மண் போட்டேன். இவள் கையில் ஒன்றும் இல்லை.

கருப்பையாவுக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். ஒல்லி, நல்ல உயரம். இரண்டு காதிலும் கடுக்கன் போட்ட துளை உண்டு, கடுக்கன் இல்லை. ஏற்றம் இறைக்கும்போது கயிற்றில் சிக்கியதால் வலது கைக் கட்டைவிரல் மடங்காது. போகும்போது சிவப்புத் துண்டைத் தலையில் கட்டியிருந்தார். தான் இருப்பது இலங்கை என்று நம்பிக்கொண்டிருந்தார். ஆகவே கேட்டவர்களிடம் வேறு பெயரும் சொல்லியிருக்கலாம்.

தங்கச்சிமடம் முதல் கீழக்கரை வரை கடலில் போகிறவர்களும், மன்னார்ப் பக்கத்து வாசகர்களும் இதைப் படித்துக் காட்டி விசாரியுங்கள். அவரை உயிருடனோ பிணமாகவோ கண்டவர்கள், எந்த நாள், எந்தக் கரை, கண்ணால் கண்டது என்ன என்பதை மட்டும் எழுதிக் கீழே கையெழுத்திட்டு, ஆடி பிறப்பதற்குள் இந்தப் பத்திரிகை முகவரிக்கு என் பெயருக்குத் தபாலில் அனுப்பும்படி கேட்டுக்கொள்கிறேன்.

ஆக்னஸ் அம்மாள்