பாட்டு மண்டபத்தில் ஒரு சலவைக்கல்

பாளையங்கோட்டையில் நான் சித்திர வாத்தியாராக இருந்த பள்ளியில், பாட்டுக்கென்று தனி மண்டபம் கட்ட வேண்டும் என்று தலைமையாசிரியரான வெள்ளைக்காரத் துரை முடிவெடுத்தார். வரைபடம் போடும் வேலை என் தலையில் விழுந்தது. யானை வரையத் தெரிந்தவனுக்கு மண்டபம் வரையத் தெரியாதா என்று நினைத்தார் போலும். செலவை ஏற்றவர்கள் பழைய மாணவர்கள்: தூத்துக்குடிப் பஞ்சு வியாபாரி, ஸ்ரீவைகுண்டத்துப் பண்ணையார், இன்னும் சிலர். கண்டித் தேயிலைத் தோட்டத்தில் வேலை பார்த்த என் வகுப்புத் தோழனும் அவர்களில் ஒருவன். உள்ளே நுழைகிறவன் கண்ணில் இவர்கள் பெயர்தான் முதலில் பட வேண்டும் என்பது துரையின் கட்டளை.

குரல் சுவரில் மோதிக் குழம்பாதிருக்க மேலே மரப்பலகை வேய்ந்தேன். பெயர்களுக்கு வெள்ளைச் சலவைக்கல், கறுப்பு எழுத்து, சுவரில் ஒரே வரிசை. எங்கள் வேதக்கோயிலில் சிறுவயதிலிருந்து பார்த்துப் பழகிய அழகு அது. வினையும் அங்கேதான் இருந்தது. கோயில் சுவரில் கல் பதிப்பது கர்த்தருக்குள் நித்திரையடைந்தவர்களுக்கு மட்டும். எனக்கும் தெரியும், துரைக்கும் தெரியும். இது மண்டபம்தானே, கோயில் இல்லையே என்று இருவருமே இருந்துவிட்டோம்.

திறப்பு விழா நெருங்கும்போது தோழன் நெஞ்சு நோயோடு ஊர் திரும்பிப் படுத்துவிட்டான். அவன் மனைவி மண்டபத்தைப் பார்க்க வந்தவள், அவன் பெயர் பொறித்த கல்லைக் கண்டதும் அப்படியே நின்றுவிட்டாள்.

"அண்ணாச்சி, செத்தவியளுக்குல்லா இப்படி வைப்பாவ? அவிய மூச்சு வாங்கிக்கிட்டுக் கெடக்காவ. அதுக்குள்ள கல்லு வச்சிட்டியளே. எடுத்திருங்க."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. படித்த குடும்பத்தில் இப்படி ஒரு மூடத்தனமா என்று கேட்க வாயெடுத்தேன். ஆனால் அவள் அதற்குள் அந்தப் பெயரை உள்ளங்கையால் மூடி மறைத்திருந்தாள். கொத்தனாரைக் கூப்பிட்டுக் கல்லைப் பெயர்த்து எடுக்கச் சொன்னேன். சுவரில் பல் விழுந்த மாதிரி ஓர் இடம் காலியாயிற்று.

அடுத்த சனிக்கிழமை வில்வண்டியில் அவனே வந்துவிட்டான். கண்ணை மூடுவதற்குள் தன் பெயரைப் பார்த்துவிட வேண்டும் என்பதே படுக்கையில் அவன் பேச்சாம். மனைவியின் தோளைப் பிடித்தபடி வரிசையைக் கடைசிவரை வாசித்தான்.

"எம் பேரு எங்கன வே?"

நான் அவளைப் பார்த்தேன். "நாந்தான் எடுக்கச் சொன்னேன்" என்றாள் அவள், தரையைப் பார்த்தபடி.

அவன் சிரித்தான், சிரிப்பு இருமலாயிற்று. "நான் போன பொறவு வச்சா, எந்திரிச்சு வந்தா வாசிக்க முடியும்?"

கல்லைக் கொண்டுவந்து பெஞ்சில் சாய்த்து வைத்தோம். எழுத்துகளை விரலால் பையத் தடவிப் பார்த்தான். பிறகு என்னிடம், "சரி, உள்ள வையும். இவ பயப்படுதா. இவ சொல்லுத அன்னைக்கு மாட்டுனாப் போதும்" என்றான். இதற்காகவே வந்தவன், அதை அவளுக்காக விட்டுக்கொடுத்துவிட்டான்.

அவள் முந்தானையை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டாள். "இப்பவே வச்சிருங்க அண்ணாச்சி. அவிய பாக்கட்டும்."

கொத்தனார் சுண்ணாம்பு குழைத்தார். பெஞ்சில் உட்கார்ந்தபடி தோழன் அதிகாரம் செய்தான்: "எடது பக்கம் தாழுது. இன்னும் தூக்கணும்." தூக்கினாள். அவன் சரி என்று சொல்லும்வரை, கல்லின் இடது முனையை இரண்டு கையாலும் அவள்தான் தாங்கிப் பிடித்திருந்தாள்.