முள் பாதியில் நின்ற பகல்

அப்பாவின் கட்டிலோடு ஒட்டி நின்ற ஒட்சிசன் சிலிண்டரின் கழுத்தில் உள்ளே எவ்வளவு மிச்சம் என்று காட்டும், கைக்கடிகாரம் அளவில் ஓர் அமுக்கமானி இருந்தது. தம்பலகாமத்தில் வெள்ளம் ஏறிய அந்த மார்கழிப் பகல் முழுவதும் அதன் முள்ளைத்தான் நானும் மச்சாளும் பார்த்துக்கொண்டிருந்தோம். மச்சாள் என் தம்பியின் மனைவி; அவரும் என்னை மச்சாள் என்றுதான் கூப்பிடுவார். திருகோணமலை நகரத்துப் பாடசாலை ஒன்றில் பௌதிகவியல் படிப்பிப்பவர். அதுவரை எங்களுக்குள் பெரிய நெருக்கம் இருந்ததில்லை. எதைக் கேட்டாலும் யோசித்துப் பதில் சொல்லும் அவருடைய பழக்கம் எனக்குத் தலைக்கனமாகவே பட்டது.

அப்பா துறைமுகத்தில் பாரந்தூக்கி ஓட்டி ஓய்வு பெற்றவர். சுருட்டு அவருடைய நெஞ்சைத் தின்றுவிட்டிருந்தது. கரண்டில் ஓடும் ஒட்சிசன் மெஷினை நம்பித்தான் அவர் மூச்சு ஓடியது. அன்று காலை கரண்ட் போய், இனி வராது என்று தெரிந்ததும், ஆபத்துக்கென்று வைத்திருந்த ஒரேயொரு சிலிண்டரைத் திறந்தோம். நகரத்துக்குப் போகும் கண்டி வீதியில் தண்ணீர் பாய்ந்துகொண்டிருந்தது. பின்னேரத்துக்குள் இன்னொரு சிலிண்டரோடு வருவதாகச் சொல்லி, தம்பி பக்கத்து வீட்டுக்காரரின் உழவு இயந்திரத்தில் நகரத்துக்குப் புறப்பட்டான். இந்த மழையில் திறந்த பெட்டியில் அப்பாவை ஏற்றி வருவது கடைசி வழியாக இருக்கட்டும் என்று டொக்டர் போனில் சொல்லியிருந்தார். பிறகு போனும் வேலை செய்யவில்லை.

மச்சாள் தன் பையிலிருந்து ஒரு வரைபுத்தாளை எடுத்தார். கீழ் அச்சில் நேரத்தையும் நிலைக்குத்து அச்சில் அமுக்கத்தையும் குறித்தார். முள்ளைப் பார்ப்பார், ஒரு புள்ளி வைப்பார். புள்ளிகள் ஒரே நேர்கோடாகச் சரிந்து வந்தன. அடிமட்டத்தை வைத்து அந்தக் கோட்டைக் கீழ் அச்சு வரை நீட்டினார். பொழுதுபட்ட பிறகே அது அச்சைத் தொட்டது. தம்பி வரும்வரை தாங்கும் என்பது அதன் பொருள். எனக்கு ஆறுதலுக்குப் பதில் எரிச்சல்தான் வந்தது. ஒரு மனிதர் மூச்சுக்குத் தவிக்கும்போது பக்கத்தில் இருந்து கோடு கீற எப்படி மனம் வருகிறது என்று நினைத்தேன். கோட்டை நீட்டினால் அப்படியே நடந்துவிடுமா என்று கேட்டேன்.

"ஒண்டும் மாறாட்டித்தான் நடக்கும், மச்சாள். மாறுதோ எண்டுதான் பாத்துக்கொண்டிருக்கிறன்."

மதியத்தில் முள் பாதியில் நின்றது. பாதி இருக்கிறதே என்று அப்பாவுக்குக் கஞ்சி வைக்கக் குசினிக்குப் போனேன். திரும்பி வந்தபோது மச்சாளின் முகம் வெளிறியிருந்தது. கடைசியாக வைத்த புள்ளிகள் கோட்டை விட்டுக் கீழே இறங்கியிருந்தன. எனக்குப் பாதி என்றால் பாதிதான். அவரோ எவ்வளவு மிச்சம் என்பதை விட்டு, எவ்வளவு விரைவாகக் குறைகிறது என்பதைப் பார்த்திருந்தார். புதிய சரிவில் அடிமட்டத்தை வைத்து நீட்டியபோது, கோடு பின்னேரத்துக்கு முன்பே அச்சில் போய் விழுந்தது.

அப்பாவுக்குப் போகும் அளவு கூடவில்லை, அப்படியென்றால் வேறு எங்கேயோ போகிறது என்றார். சவர்க்காரத்தை நுரைத்து மூட்டுகளில் தடவினார். சிலிண்டரும் அமுக்கமானியும் சேரும் இடத்தில் சின்னச் சின்னக் குமிழிகள் எழும்பின.

கழற்றிப் பூட்டவேண்டும், அதுவரை அப்பாவுக்கு ஒன்றும் போகாது என்றார். நான் மறித்தேன். இருக்கிற மட்டும் போகட்டும், தம்பி வந்துவிடுவான் என்றேன்.

"இவர் வரேக்க முள் அடியில கிடக்கும், மச்சாள்." அவர் ஸ்பனரைக் கையில் எடுத்தார். "வருவார் எண்டு நம்பத்தான் எனக்கும் விருப்பம். மாமாவை நிமித்திப் பிடியுங்கோ."

வெள்ளத்துக்குள் போயிருப்பது அவருடைய புருஷன் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. அப்பாவைத் தூக்கி என் நெஞ்சோடு சாய்த்துக்கொண்டேன். சிலிண்டரை மூடியதும் மாஸ்க்கின் இரைச்சல் நின்றது. அப்பாவின் விரல்கள் என் மணிக்கட்டில் பதிந்தன. உதடு நீலம் பாரிக்கத் தொடங்கியது. மூட்டுக்குள் கசிவைத் தடுக்கும் வாசர் ஒரு பக்கம் விலகிக் கிடந்தது. மச்சாள் அதைச் சரியாக இருத்தி ஸ்பனரால் முறுக்கினார். சவர்க்காரக் கையில் ஸ்பனர் வழுக்கி விழுந்தது. சேலைத் தலைப்பில் கையைத் துடைத்துவிட்டுத் திரும்ப முறுக்கினார். திறந்தபோது மாஸ்க் மறுபடியும் இரைந்தது. அப்பா இழுத்த முதல் மூச்சு என் உடம்புக்குள் போனதுபோல் இருந்தது.

அவர் மீண்டும் புள்ளிகள் வைக்கத் தொடங்கினார். நாலைந்து புள்ளிகளை அடிமட்டத்தால் இணைத்தார். பிறகு தாளை என் பக்கம் திருப்பி, "முதல் கோட்டுக்குச் சமாந்தரம்" என்று சொல்லிவிட்டு அழுதார். படிப்பு விட்டுப் பல காலமான எனக்கும் அது விளங்கியது. பழைய வேகத்தில்தான் குறைகிறது, ஒழுக்கு நின்றுவிட்டது.

தம்பி சொன்ன நேரத்துக்கு வரவில்லை. வெளிச்சம் மங்கும்போது இடுப்பளவு ஈரத்தோடு சிலிண்டரைத் தோளில் வைத்துக்கொண்டு படலையைத் தள்ளினான். முள் அடியைத் தொட இன்னும் கொஞ்சம் இருந்தது.

அப்பா அடுத்த அறுவடையும் பார்த்துவிட்டுத்தான் போனார். கடைசியில் நகரத்து ஆஸ்பத்திரியில் படுத்திருந்தார். தலைமாட்டுத் திரையில் அவருடைய ஒட்சிசன் அளவைக் காட்டும் கோடு மெல்ல இறங்கிக்கொண்டிருந்தது. நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். இன்னும் எவ்வளவு நேரம் என்று மச்சாளிடம் கேட்டேன். அவருக்குத் தெரியாமல் இருக்காது.

மச்சாள் திரையைப் பார்க்கவில்லை. "அதில நாங்கள் மாத்தக்கூடியது இனி ஒண்டும் இல்லை," என்றார். எழுந்து என் கதிரையை அப்பாவின் முகத்துப் பக்கமாகத் திருப்பிப் போட்டார்.

இன்றைக்கு எனக்கு ஏதாவது நடந்தால் முதலில் போன் எடுப்பது அவருக்குத்தான். நான் சொல்வதை முழுவதும் கேட்டுவிட்டு, இப்போதும் யோசித்துத்தான் பதில் சொல்கிறார். அந்த மௌனத்தில் நான் பொறுமையாகக் காத்திருக்கிறேன்.