பக்கத்து சீட்டில் கோல்கீப்பர்

ஆளுக்கு மூன்று ஹாக்கி ஆட்டக்காரர்களை எடுத்து, அவர்கள் போடும் கோலுக்குப் புள்ளி எழுதுகிறோமே, இந்த வாரம் நான்தான் முதலிடம்.

இன்று ஸ்ரீவில்லிபுத்தூர் மைதானத்தில், எதிரணியில் ஆடிய என் ஆள் நம் ராஜபாளையத்துக்கு எதிராகக் கோல் போட்டான். என்னை மறந்து எழுந்து கைதட்டிவிட்டேன்.

திரும்பும் பஸ்ஸில் என் பக்கத்து சீட்டில் வந்து உட்கார்ந்தவர், நம் கோல்கீப்பர். மடியில் மட்டை.

"அவன் கோலுக்கு எதுக்குண்ணே கைதட்டுனீய?"

வாய் குழற எல்லாவற்றையும் சொன்னேன்.

மட்டையைத் தடவிக்கொண்டே கேட்டார்: "சரி, என்னைய யாரு எடுத்திருக்கா?"

யாருமே எடுக்கவில்லை.

சேவியர், உன் பெயரைச் சொல்லிவிட்டேன். நாளைக் காலை உன் கடைக்கு வருகிறாராம். பட்டியலை இன்றைக்கே திருத்திவிடு.

சேவியருக்குத் துணையாக யார் போவது? இந்தத் தாளின் கீழே பெயரை எழுதுங்கள். எனக்குக் காய்ச்சல்.