வீரம்மாவும் ஆறு பிள்ளைகளும்

மலாயாவில், கிள்ளான் பட்டணத்திலிருந்து நாலு மைல் தள்ளி ஒரு ரப்பர் தோட்டம். அங்கே பால்மரத்தின் பட்டையை வெட்டி, வடியும் பாலை எடுத்துக்கொடுக்கும் வேலை வீரம்மாவுக்கு. 1931இல் அவளுக்கு முப்பது வயதிருக்கும். புருஷன் மலேரியாவில் போய்விட்டான். மிச்சம் ஒரே மகள், தங்கமணி. தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் இரண்டாம் வகுப்பு.

ஒருநாள் வாத்தியார் கார்த்திகேசு வீரம்மாவைக் கூப்பிட்டனுப்பினார்.

"பிள்ளைக்குப் புத்தகத்தில எழுத்தே தெரியல்ல. கண்ணைப் பார்த்தீங்களா?"

பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். காலையில் பீளை கட்டி இமை ஒட்டிக்கொள்ளும். தோட்டத்தில் மருந்து கொடுக்கும் டிரசர் ஊற்றிய சொட்டு மருந்தில் ஒன்றும் ஆகவில்லை. ஒருநாள் வேலையை விட்டுவிட்டு மகளைக் கிள்ளான் ஆஸ்பத்திரிக்கு நடத்திப் போனாள். டாக்டர் இமையைத் திருப்பி, நீல நிற மருந்துக் குச்சியால் தேய்த்தார். தங்கமணி வீறிட்டாள். அவர் இங்கிலீஷில் சொன்னதை ஆயா தமிழில் சொன்னாள்: "வாரம் ஒருதரம், ஆறு மாசம் வரணும். நடுவுல விட்டா பார்வை போயிரும்."

மருந்துக்குக் காசு கேட்கவில்லை. ஆனால் ரப்பர் விலை விழுந்து, ஆட்களை வேலையிலிருந்து நிறுத்தி இந்தியாவுக்குக் கப்பலேற்றிக்கொண்டிருந்த காலம் அது. வாரம் ஒருநாள், காலையில் பேர் கூப்பிடும் பெரட்டில் நிற்காதவளைக் கங்காணி வேலாயுதம் விட்டுவைப்பாரா?

தோட்டத்து ஆட்கள் வரிசையாகக் குடியிருந்த லயத்தில் விசாரித்தாள். இன்னும் ஐந்து பிள்ளைகளுக்கு அதே கண். தாய்மார் அதே பயத்தில் வாயைத் திறக்காமல் இருந்தார்கள்.

"ஆளுக்காளு போனா எல்லார் பேரையும் வெட்டிருவாங்க. நான் ஒருத்தியே ஆறு பேரையும் கூட்டிட்டுப் போறேன். என் மரத்தை நீங்க அஞ்சு பேரும் பங்கு போட்டு வெட்டிருங்க" என்றாள் வீரம்மா.

வெள்ளிக்கிழமை பெரட்டில் கங்காணி கேட்டார்: "வீரம்மா எங்க?"

"அவ பால் வந்து சேரும், கங்காணியாரே. எடை குறைஞ்சா அப்புறம் கேளுங்க" என்றாள் இராஜம்மா. அவள் மகனும் அன்று கிள்ளானுக்குப் போயிருந்தான்.

எடை குறையவில்லை. மூன்றாம் வாரத்தோடு கங்காணி கேட்பதை நிறுத்திக்கொண்டார்.

ஆஸ்பத்திரியில் ஒவ்வொரு தடவையும் தங்கமணியைத்தான் வீரம்மா முதலில் உட்கார வைப்பாள். அடுத்தவர் பிள்ளையை முதலில் அழவிட அவளுக்கு மனசு வரவில்லை. திரும்பும்போது வெயில் கண்ணைக் குத்தும். பிள்ளைகள் ஈரத்துணியால் கண்ணை மூடிக்கொண்டு, ஒருவர் தோளை ஒருவர் பிடித்தபடி அவள் பின்னால் வரும்.

ஆறு மாசம் ஒன்பதாக நீண்டது. ஐந்து பிள்ளைகளுக்குக் கண் தெளிந்தது. தங்கமணிக்கு வலது கண் தப்பியது. இடது கண்ணில் விழுந்த வெண்படலம் போகவே இல்லை. கொஞ்சம் முந்தி வந்திருக்கலாம் என்று ஆயா சொன்னாள். வீரம்மா மகளின் தலையைத் தடவிக்கொடுத்தாள்.

அதற்குள் பக்கத்து லயத்தில் இரண்டு பிள்ளைகளுக்குக் கண் சிவந்திருந்தது. அடுத்த வெள்ளிக்கிழமை அவர்களைக் கூட்டிக்கொண்டு வீரம்மா கிள்ளானுக்கு நடந்தாள்.